கார் வருது சரி, கரண்ட் எப்போ வரும்? யாங்கோன் கேட்கும் கேள்வி

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியபோது கொழுந்துவிட்டு எரிந்தது எது தெரியுமா? பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருந்த சிரியம் சுத்திகரிப்பு ஆலையின் மண்ணெண்ணெய்க்கு அந்தக் காலத்தில் இந்தியாதான் பெரிய சந்தை. பிறகு 'பர்மா ஷெல்' என்ற பெயர் நம் ஊர் பெட்ரோல் பங்குகளில் பல ஆண்டுகள் இருந்தது. 1976-ல் இந்திய அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அதுதான் பாரத் பெட்ரோலியம். பெரியவர்கள் சிலர் இன்னமும் பங்கைக் காட்டி 'பர்மா ஷெல்' என்றுதான் சொல்வார்கள்.

நம் பங்குகளுக்குப் பேர் கொடுத்த அந்த நாட்டின் பெரிய நகரம் ரங்கூன். இன்றைய யாங்கோன். 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே பெட்ரோல் வரிசை என்பது அடிக்கடி பார்க்கிற காட்சியாகிவிட்டது. எரிபொருளில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். வாங்க டாலர் வேண்டும். கவிழ்ப்புக்கு முன் ஒரு டாலருக்குச் சுமார் 1,300 சாட் கொடுத்தார்கள். 2024-ல் வெளிச்சந்தையில் அது 4,000-ஐத் தாண்டிவிட்டது.

இந்த ஊரில் நின்றுகொண்டு, டொயோட்டா மாதிரி ஒரு பெரிய நிறுவனம் மேடையில் காட்டுகிற மின்சார, ஹைட்ரஜன் மாதிரி வண்டிகளைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மேடையில் நிற்கும் வண்டிகள்

2021 டிசம்பர் 14 அன்று டோக்கியோவில் டொயோட்டாவின் அன்றைய தலைவர் அகியோ டொயோடா, வரிசையாக நிறுத்திய மின்சார மாதிரிக் கார்களுக்கு முன்னால் நின்றார். 2030-க்குள் 30 மின்சார மாடல்கள், ஆண்டுக்கு 35 லட்சம் மின்சார வாகன விற்பனை என்பது அன்று சொன்ன இலக்கு. ஒரு வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், தாய்லாந்தில் டொயோட்டா கால் வைத்து 60 ஆண்டு ஆனதைக் கொண்டாடும் விழாவில் 'ஹைலக்ஸ் ரெவோ' பிக்கப்பின் மின்சார மாதிரியைக் காட்டினார்கள். 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெர்பி நகரில் அதே ஹைலக்ஸின் ஹைட்ரஜன் மாதிரி வந்தது. மூன்று ஹைட்ரஜன் சிலிண்டர், 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்றார்கள். 2025 நவம்பரில் புதிய தலைமுறை ஹைலக்ஸை அறிமுகப்படுத்தியபோது மின்சார வடிவமும் அதில் இருந்தது. ஹைட்ரஜன் வடிவம் 2028-ல் வருமாம்.

ஹைலக்ஸை நான் எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. அது யாங்கோன் வண்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கம், திலாவா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில், 5 கோடி டாலருக்கு மேல் போட்டு ஆலை கட்டுவதாக 2019 மே மாதம் டொயோட்டா அறிவித்தது. ஆண்டுக்கு 2,500 ஹைலக்ஸ், உற்பத்தி தொடங்கும் மாதம் 2021 பிப்ரவரி. அந்த மாதம் 1-ம் தேதி காலையில்தான் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆலை பூட்டியே கிடந்து, 2022 இலையுதிர் காலத்தில்தான் சின்ன அளவில் வேலை தொடங்கியது.

பாங்காக்கில் மின்சார மாதிரியாகவும், டெர்பியில் ஹைட்ரஜன் மாதிரியாகவும் நிற்கிற அதே பேர் கொண்ட வண்டி, திலாவாவில் டீசல் வண்டியாக வெளியே வரவே படாத பாடு பட்டது. பக்கத்து பக்கத்து நாடுகள். ஏன் இவ்வளவு தூரம்?

எவ்வளவு ஒழுங்கான ஊர் வேண்டும்?

மாதிரி வண்டியைப் பார்க்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பது: எத்தனை கிலோமீட்டர் ஓடும்? எத்தனை நிமிஷத்தில் நிரம்பும்? புகை வருமா? யாங்கோன்வாசி கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. இந்த வண்டி ஓட, ஊர் எவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும்?

பெட்ரோல் வண்டி அதிகம் கேட்காது. பங்கில் இல்லாவிட்டால் ரோட்டோரம் பாட்டிலில் வாங்கி ஊற்றிக்கொண்டு போகலாம். விலை கூட இருக்கும், கலப்படம் இருக்கும், ஆனால் வண்டி நகரும். இயற்கை எரிவாயு வண்டிக்குக் குழாய் வேண்டும், அழுத்திக் கொடுக்கிற நிலையம் வேண்டும், அந்த நிலையத்துக்குக் கரண்ட் வேண்டும். மின்சார வண்டிக்குக் கம்பி வேண்டும். கம்பி இல்லாவிட்டால் கூரைமேல் தகடாவது வேண்டும். ஹைட்ரஜன் வண்டிக்கு எல்லாமே வேண்டும். தயாரிக்க ஆலை, கொண்டுவரத் தனி வண்டி, 700 பார் அழுத்தத்தில் நிரப்பும் நிலையம், அதைப் பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள், 24 மணி நேரமும் அறுபடாத மின்சாரம்.

இது வெறும் ஊகம் இல்லை. யாங்கோன் மாற்று எரிபொருளை ஏற்கெனவே ஒரு தடவை அனுபவித்துவிட்டது.

ஒருதடவை பட்ட பாடு

2004-05 வாக்கில் அன்றைய ராணுவ அரசு, பெட்ரோல் செலவைக் குறைக்க யாங்கோனின் பஸ்களையும் டாக்சிகளையும் எரிவாயுவுக்கு மாற்றியது. யோசனை தப்பில்லை. நாட்டில் வாயு இருக்கிறது, டாலர் இல்லை. காகிதத்தில் பார்த்தால் பிரமாதம்.

நடந்தது என்ன? டிக்கியில் சிலிண்டரோடு டாக்சிகள் நிலைய வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. நிலையங்கள் குறைவு, அழுத்தம் குறைவு. டாக்சி ஓட்டுகிறவருக்கு நிற்கிற நேரம் எல்லாம் நஷ்டம். வண்டிக்குச் சொந்தக்காரருக்கு நாள் வாடகை கொடுத்தாக வேண்டும். வாயு கிடைத்ததா இல்லையா என்று அவர் கேட்க மாட்டார். இத்தனைக்கும் யாதனா கடல் வயலின் வாயுவில் பெரும்பங்கு குழாய் வழியாகத் தாய்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2013-லிருந்து ஷ்வே வயலின் வாயு சீனாவுக்கும் போகிறது. சொந்த வீட்டு வாயு அடுத்த வீட்டு அடுப்பில். இங்கே வரிசை.

ஆக, வண்டியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் அன்றைய தவறு. வண்டியின் வாய் வரைக்கும் எரிபொருள் வந்து சேரும் வழியை யாரும் மாற்றவில்லை. இன்றைய மாதிரி வண்டிகளைப் பார்க்கும்போதும் எனக்கு அந்தப் பயம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

யாங்கோனின் மின்சார நிலைமை இதுதான்: பேட்டை பேட்டையாக முறைவைத்து வெட்டு. நாலு மணி நேரம் வந்தால் நாலு மணி நேரம் போகும். கோடையில் நிலைமை இன்னும் மோசமாகி, நாளில் எட்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம் என்றான காலங்கள் உண்டு. காரணம் ஒன்றிரண்டு இல்லை. உள்நாட்டு வாயு வயல்கள் வற்றுகின்றன. இறக்குமதித் திரவ வாயுவில் ஓடிய தன்லின், தாக்கேட்டா மின்நிலையங்கள் 2021-ல் நின்றுபோயின. டோட்டல் 2022-லும் செவ்ரான் 2024-லும் நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டன. உள்நாட்டுப் போரில் மின்கோபுரங்கள் சாய்கின்றன. புதிதாக முதல் போட ஆள் இல்லை.

இப்போது கணக்கு. மின்சார ஹைலக்ஸின் பேட்டரி ஏறக்குறைய 59 யூனிட் கொள்ளும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். நாலு மணி நேரம் கரண்ட் இருந்தால் 12 யூனிட். பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் அந்த நாலு மணி நேரத்தில் தண்ணி மோட்டார் போட வேண்டும், சோறு பொங்க வேண்டும், துணி தேய்க்க வேண்டும். ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறவர் வயரை எங்கே தொங்கவிடுவார்?

ஹைட்ரஜன் கணக்கு இன்னும் கஷ்டம். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமாராக 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். டொயோட்டாவின் மிராய் கார் ஒருதடவை 5.6 கிலோ நிரப்பி 600 கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். அதாவது 300 யூனிட் செலவு. அழுத்திக் கொடுக்கிற செலவு தனி. அதே 300 யூனிட்டை நேராக பேட்டரிக் காரில் ஏற்றினால் 1,500 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடலாம். கரண்ட்டே அரிதாக இருக்கிற ஊரில், இருக்கிற கரண்ட்டில் பாதிக்கு மேல் வழியிலேயே சிந்திவிடுகிற ஒரு முறையை எந்தக் குடும்பத் தலைவியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பணக்கார ஊரிலேயே இது திணறுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மிராய் காருக்குப் பெரிய சந்தை. அங்கே 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை மூடிவிட்டது. நம் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2022 மார்ச் 30 அன்று மிராய் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்திறங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். வண்டி நல்ல வண்டிதான். அதற்குப் பிறகு உங்கள் தெருவில் ஒரு மிராய் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா?

அப்படியென்றால் மின்சாரக் கார் வேண்டாமா?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கல். யாங்கோனில் மின்சாரக் கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. டாலர் இல்லாததால் மற்ற கார்களின் இறக்குமதியை நெருக்கிய ராணுவ அரசு, 2022 நவம்பரில் முழு மின்சாரக் கார்களுக்குத் தீர்வையைப் பூஜ்யமாக்கியது. பிஒய்டி முதலான சீனக் கார்கள் வந்து இறங்கின. ஜப்பானின் பழைய புரோபாக்ஸ் கார்களே டாக்சியாக ஓடிய தெருக்களில் சத்தமில்லாத புதுக் கார்கள்.

கரண்ட் இல்லாத ஊரில் கரண்ட் காரா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியாது. பேட்டரிக்கு ஒரு பெரிய குணம் உண்டு: அது எங்கிருந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அரசுக் கம்பி, கூரைத் தகடு, ஜெனரேட்டர், நடு ராத்திரி வருகிற நாலு மணி நேரம், எதுவாக இருந்தாலும் சரி. துளித் துளியாகச் சேர்த்துக்கொள்ளும். சில கார்களில் அந்தச் சேமிப்பைத் திருப்பி எடுத்து வீட்டு விளக்கு, விசிறி, பிரிட்ஜ் ஓட்டலாம். ஹைட்ரஜனுக்கு இந்தக் குணம் கிடையாது. அது ஒரே வாசல் வழியாகத்தான் வரும். வாசல் மூடினால் வண்டி வெறும் இரும்பு.

குறை காரில் இல்லை, யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. தீர்வை பூஜ்யம் என்றாலும் காரின் விலை டாலரில். சொந்த வீடு, சொந்தக் கூரை, சொந்த ஜெனரேட்டர் இருக்கிறவர் வாங்குகிறார். வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டுகிற டாக்சிக்காரர், அவரில் நம் தமிழ் வம்சாவளிக்காரரும் உண்டு, பெட்ரோல் வரிசையிலேயே நிற்கிறார். நம் ஊராக இருந்தால் மின்சார ஸ்கூட்டரில் ஆரம்பித்திருப்பார். மின்சார வாகனம் ஏழை எளியவருக்கு எட்டியது ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளின் ஸ்கூட்டர்கள் வழியாகத்தான். யாங்கோன் நகரத்தில் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளுக்கே தடை. கீழ்ப்படியே இல்லாத ஏணியில் மேல்படிக்கு மட்டும் வரிச்சலுகை.

முன்னே கம்பி, பின்னே வண்டி

டொயோட்டா இதற்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. ஒரே பாதை எல்லா நாட்டுக்கும் பொருந்தாது, அந்தந்த நாட்டின் எரிசக்தி நிலைமைக்கு ஏற்ப மின்சாரம், ஹைட்ரஜன், ஹைபிரிட் என்று பல பாதைகள் வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமான பேச்சு. ஆனால் அந்தப் பல பாதைகளும் டோக்கியோவிலும் டெர்பியிலும் பாங்காக்கிலும் பார்க்கக் கிடைக்கின்றன. எரிசக்தி நிலைமை உண்மையிலேயே வேறு மாதிரி இருக்கிற யாங்கோனுக்கு அந்தப் பாதைகளில் எது? டீசலும், ஜப்பானில் ஓடிக் களைத்த பழைய கார்களும்தான் இதுவரை கிடைத்த பதில்.

ஜப்பானுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. இரண்டாம் உலகப் போரின் நஷ்டஈடாக ஜப்பான் பர்மாவுக்குச் செய்து கொடுத்த பெரிய வேலை, கயா மாநிலத்தின் பலூசாங் நீர்மின் நிலையம். 1960-ல் அங்கிருந்து மின்சாரம் வரத் தொடங்கியது, ரங்கூன் வரைக்கும் கம்பி இழுத்தார்கள். அதே நஷ்டஈட்டுத் திட்டத்தில்தான் ஹினோ லாரி, மஸ்தா சிறு வண்டிகளைப் பர்மாவிலேயே பூட்டும் தொழிலும் வந்தது. ரங்கூன் தெருக்களில் பல காலம் ஓடிய அந்தக் குட்டி நீல மஸ்தா டாக்சிகள் அந்த வழி வந்தவை. கம்பியும் வண்டியும் சேர்ந்து வந்தன. அணையைச் சுற்றியிருந்த கயா மக்கள் இழந்ததும் அவர்கள் வீட்டுக்கே விளக்கு வராததும் இன்னொரு பெரிய கதை. அதை மறந்துவிட்டு அந்தத் திட்டத்தைப் பாராட்ட முடியாது. ஆனால் வரிசை எது என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தது.

நமக்கும் இது அந்நியக் கதை இல்லை. 2012-ல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தது மறந்துவிட்டதா? கோவைப் பட்டறைகள் ஜெனரேட்டரில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு யாராவது வந்து மின்சாரக் கார் மாதிரியைக் காட்டியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? "முதல்ல மிக்ஸி ஓடட்டும் சார், அப்புறம் கார் பாக்கலாம்." 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் தொகுப்போடு இணைந்தது. புதிய நிலையங்களும் வந்தன, மெல்ல மெல்ல நிலைமை சீரானது. அதற்குப் பிறகுதான் போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர், ஸ்ரீபெரும்புதூரில் மின்சார கிரெட்டா, 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்பாஸ்ட். ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து ஹூண்டாய் ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்கிறது என்றால், பின்னால் அந்தக் கம்பி இருக்கிறது.

மேடை போடுகிறவர்களுக்கு

அதனால் மாதிரி வண்டி காட்டும் நிறுவனங்களிடம் மூன்று விஷயம் கேட்கலாம். ஒன்று, வண்டியோடு சேர்த்து அதன் எரிபொருள் வரும் வழியையும் காட்டுங்கள். எங்கே தயாராகும், எந்தக் கம்பியில் அல்லது எந்த லாரியில் வரும், வராத நாளில் என்ன செய்வது? இரண்டு, கரண்ட் போகிற ஊருக்கென்று ஒரு மாதிரியைச் செய்யுங்கள். சின்ன பேட்டரி, கழற்றி மாற்றக்கூடியதாக, கூரைத் தகட்டில் ஏறக்கூடியதாக, வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடியதாக, தெருமுனை மெக்கானிக் கைவைக்கக்கூடியதாக. உலகத்தில் அப்படிப்பட்ட ஊர்கள் கொஞ்சமா இருக்கின்றன? கொழும்பு 2022-ல் 13 மணி நேர மின்வெட்டையும் கியூஆர் கோடு பெட்ரோல் பங்கீட்டையும் பார்த்தது. மூன்று, ஹைட்ரஜனை அது நிஜமாகத் தேவைப்படும் இடத்தில் வையுங்கள். இரும்பாலை, உரத் தொழிற்சாலை, ஒருவேளை நீண்ட தூரக் கனரக லாரி. நாலு பேர் போகிற காருக்கு அது வேண்டாம்.

யாங்கோனை ஆள்கிறவர்களிடம் கேட்பது வேறு. பூஜ்யத் தீர்வை கொடுத்த கை, டாக்சி ஓட்டுகிறவருக்குத் தவணைக் கடன் கொடுக்கவில்லை. அடுக்குமாடி வாசலில் ஒரு பொது சார்ஜிங் கம்பம் நடவும் அது நீளவில்லை. போரை நிறுத்தாமல் மின்கோபுரம் நிற்காது என்பது அவர்களுக்கும் தெரியும். காரை இறக்குமதி செய்யலாம். ஊர் ஒழுங்கைக் கப்பலில் இறக்க முடியாது.

அடுத்த தடவை ஏதாவது ஒரு கண்காட்சியில் பளபளவென்று ஒரு ஹைட்ரஜன் கார் சுழலும் மேடையில் நிற்பதைப் பார்த்தால், அது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் எழுந்து மோட்டார் போடுகிற ஒரு குடும்பத்துக்கு இந்த வண்டியால் என்ன பிரயோஜனம் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் இருக்கிற வண்டிதான் நாளைய வண்டி.